ஒன்றரை மைலும் நான்கு ஆட்சிகளும்

மாத்தளை நகரிலிருந்து இறத்தோட்டைப் பக்கமாகச் செல்லும் பெருந்தெருவிலே, மலைச்சரிவொன்றின் அடியில், தோட்டத்துக்கு ஏறும் பாதையொன்று பிரிகின்றது. அதன் நீளம் ஒன்றரை மைல். பாதை முடியுமிடத்தில், பழைய லயன்களுக்கு மேலே, ஒரு தமிழ்ப் பாடசாலை இருக்கின்றது. அப்பாடசாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் கடமையாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் மாத்தளையில் வாழ்ந்து வருகின்றார். பாடசாலை நாளொன்றுக்கு மூன்று மைல் வீதம் அவர் நடந்த தூரத்தைக் கூட்டினால், இத்தீவின் கரையோரத்தைப் பத்துத் தடவைக்கு மேல் அவர் சுற்றி வந்திருத்தல் வேண்டும். ஆயினும் அவர் நடந்தது அந்த ஒன்றரை மைலிலேதான். மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையிலான அதிகாரச் சமநிலை பற்றி அவர் அறிந்தவை யாவும் அப்பாதையிலே கற்றவை. நூல்களிலே படித்தவையும் உண்டு. ஆயின் அவற்றை அப்பாதையில் வைத்தே அவர் உரைத்துப் பார்த்தார்.

பாதை தொடங்குமிடத்திலுள்ள பெருந்தெரு மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. பிரிந்து ஏறும் முதற் கால் மைல் மாகாணத்துக்குரிய வீதி. அதற்கு மேல் தோட்டத்து நிலம். நிலம் அரசுக்குச் சொந்தம். ஆயின் 1992க்குப் பின் நிருவாகம் கம்பனியின் கையில். சுற்றிலுமுள்ள கிராமங்களுக்குப் பிரதேச சபை உண்டு. அச்சபைக்குத் தோட்டத்து மக்களும் வாக்களிப்பர். எனினும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தினுடைய 33ஆம் பிரிவு, 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டத்தினுள்ளே சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகவே விளங்கிற்று. உச்சியிலிருக்கும் பாடசாலையோ மாகாணத்துக்கு உரியது. ஆக, மத்தி, மாகாணம், பிரதேச சபை, தோட்டம் என நான்கு ஆட்சிகளைக் கடந்தே ஒரு பிள்ளை முதலாம் வகுப்புக்குச் செல்கின்றது. தோட்டத்தையும் ஓர் ஆட்சியாக எண்ணுவது மிகையெனச் சிலர் கருதலாம். துரையின் அனுமதியின்றி ஒரு வேலிக்கம்பும் நடமுடியாத இடத்தில் வாழ்ந்தோர் அதனை மிகையெனக் கொள்ளார்.

மழைக்காலத்திலே பாதையின் நடுப்பகுதி அருவியாகிவிடும். 1990களின் நடுப்பகுதியில் ஒரு நாள் மண்சரிவில் மதகொன்று பெயர்ந்தது. அன்று மாலையே அதிபர் கடிதம் எழுதினார். அதற்கு வந்த மறுமொழிகளையும், அம்மறுமொழிகள் காட்டிய திசைகளுக்கு அவர் எழுதிய கடிதங்களையும், அவற்றின் மறுமொழிகளையும் நீல நிறக் கோவையொன்றில் இன்றும் பேணி வைத்திருக்கின்றார். ஓர் அலுவலகம், அது தனது வீதியன்று என்று எழுதிற்று. இன்னொன்று, பாடசாலைக் கட்டடத்தைத் திருத்தலாம், பாதையைத் திருத்த இயலாது என்றது. மூன்றாவது, சட்டம் இடந்தரவில்லை என வருந்திற்று. நான்காவது, வீதி அமைத்தல் அரசாங்கத்தின் கடமை என நினைவூட்டிற்று. எவரும் கடுஞ்சொல் பயன்படுத்தவில்லை; எவரும் பொய் சொல்லவுமில்லை. ஒவ்வொரு மறுமொழியும் சட்டப்படி சரியானது என்பதே அவரை உறங்கவிடாத செய்தி. அநீதி இழைத்தவர் ஒருவரும் இல்லாமலே அநீதி நிகழக்கூடும் என்பதை அக்கோவை மெய்ப்பித்தது.

அதன்பின்னரே அவர் அரசியலமைப்பைக் கையிலெடுத்துக் கருத்தூன்றிப் படிக்கலானார். 1987 யூலை 29ஆந் திகதி இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. அதன் பேறாக அவ்வாண்டு நவம்பரில் பதின்மூன்றாம் திருத்தம் நிறைவேறியது. அதன் ஒன்பதாம் அட்டவணை அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரிக்கின்றது: மாகாண சபை நிரல், மத்திக்கென ஒதுக்கிய நிரல், இரு தரப்பாருக்கும் பொதுவான ஒருங்கிய நிரல். முதலாவதைப் படிப்போர் மகிழ்வர். கல்வி, சுகாதாரம், விவசாயம், வீடமைப்பு, மாகாண வீதிகள், காணி, பொலிசுங்கூட அங்கே காணப்படுகின்றன. இரண்டாவது நிரலின் தலைப்பிலேயோ, எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை மத்திக்கு உரியது எனக் கூறப்பட்டுள்ளது. வீட்டின் அறைகளையெல்லாம் மகனுக்கு எழுதிக் கொடுத்த தந்தை, திறப்புக்கோவையைத் தம் இடுப்பிலேயே செருகிக்கொண்டாற் போன்றது இது. மாகாணத்தின் நிறைவேற்றதிகாரம் சனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம் உள்ளது. மாகாண அரச சேவையின் நியமனமும் இடமாற்றமும் அவருக்கே உரியவை. திருத்தத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் கருத்தில் பிளவுபட்டனர். நாடு இன்னமும் ஒற்றையாட்சியாகவே இருக்கின்றது, மாகாண சபைகள் மத்திக்குக் கீழ்ப்பட்டவையே என்ற கருத்தின் துணையுடனேயே திருத்தம் பிழைத்தது. பிழைப்பதற்காகச் சொல்லப்பட்ட அந்த நியாயமே பின்னாளில் அதனை நலிவிக்கும் நியாயமாகவும் ஆயிற்று.

'அதிகாரப் பரவலாக்கம்' என்ற சொற்றொடர் அக்காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளில் நாள்தோறும் இடம்பெற்றது. 'அதிகாரப் பகிர்வு' என எழுதியோரும் இருந்தனர். இரண்டும் ஒன்றெனவே பலரும் கொண்டனர். மாத்தளையிற் பிறந்தவர் அவ்வாறு மயங்கத் தேவையில்லை. இம்மாவட்டத்தில் மிளகும் கராம்பும் விளையும் காலத்தில் முற்றந்தோறும் பாய்களில் அவற்றைப் பரப்பி உலர்த்துவர். வானம் கறுத்தால் நொடிப்பொழுதில் பாயைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விடுவர். பரப்பியவர் கையிலேயே பாயின் நுனியும் இருக்கின்றது. பகிர்வது அவ்வாறன்று. பகிர்ந்து கொடுத்த மிளகை மழை வருகின்றதென்று திருப்பிக் கேட்க இயலாது.

இப்பிரச்சினை மாத்தளைக்குப் புதியதன்று. 1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிரதானிகளுள் மாத்தளைத் திசாவையும் ஒருவர். தத்தம் பிரதேசங்களில் தமக்குரிய உரிமைகள் நிலைக்குமென்று அவர்கள் நம்பினர். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்டபின் அவ்வுரிமைகள் குறுக்கப்பட்டன. 1833இல் நாடு ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. மாகாணம் என்ற பிரிவே மேலிருந்து ஆள்வதன் வசதிக்கென உண்டாயிற்று. 1848இல் தேசாதிபதி டொரிங்டனின் அரசு நாய்க்கும் துவக்குக்கும் கடைக்கும் வரி விதித்தது. போதாதென்று, வயது வந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் பணம் செலுத்துதல் வேண்டும் எனவும் கட்டளையிட்டது. அவ்வாண்டு யூலையில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா முடிசூடிக்கொண்டார். கிளர்ச்சியாளர் மாத்தளைக்கு வந்து கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தனர். ஓகஸ்ட் 8இல் புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். தேசாதிபதியும் 1850இல் திருப்பியழைக்கப்பட்டார். அக்கிளர்ச்சியை வீரக் கதையாகவே பாடநூல்கள் கூறும். ஆயின், எவர் வீதிக்கு எவர் உழைப்பது, எவர் வரியை எவர் தீர்மானிப்பது என்ற வினாவே அதன் உள்ளீடு. அதிபர் அந்தப் பாடத்தைக் கற்பித்த ஆண்டுகளில், மாணவர்கள் சேறு படிந்த கால்களுடன் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. இலங்கையில் சமஷ்டி என்ற எண்ணத்தை முதலில் வலியுறுத்தியோர் தமிழர் அல்லர். 1926இல், இளைஞராயிருந்த எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்க அதனை ஆதரித்து எழுதினார். 1927இல் டொனமூர் ஆணைக்குழுவின் முன் கண்டியத் தேசியப் பேரவை தோன்றி, கண்டிப் பகுதிக்குத் தனி ஆட்சியலகு வேண்டுமெனச் சாட்சியமளித்தது. கரைநாட்டார் தம்மை விழுங்கிவிடுவர் என்பதே மலைநாட்டுச் சிங்களவரின் அச்சம். அன்று தமிழ்த் தலைவர்கள் அக்கோரிக்கையைப் பொருட்படுத்தவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் தமிழரசுக் கட்சி தோன்றியபோது, அதே கோரிக்கையைக் கேட்டு மலைநாட்டுச் சிங்களவர் வெகுண்டனர். சிறுபான்மையென உணரும்போது சமஷ்டியை நாடுவதும், பெரும்பான்மையென உணரும்போது ஒற்றையாட்சியைப் போற்றுவதும் எவ்வினத்துக்கும் பொதுவான இயல்பு போலும்.

அதிபர் 1972இல் பேராதனைக்குச் சென்றார். அப்போது அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகம் என வழங்கிற்று. அவருடைய தந்தையார் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பதிவுப் பிரசையாகிய சிலருள் ஒருவர். பெரிய தந்தையாரோ 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறியவர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்த சகோதரர் இருவர், கொழும்பும் டில்லியும் எழுதிய கணக்கொன்றின்படி இரு நாட்டவராயினர். மத்திய அதிகாரம் என்றால் யாது என்பதற்கு அக்குடும்பத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

வளாக விடுதியில் அவருடைய அறைத்தோழர் யாழ்ப்பாணத்தவர். இரவு முழுவதும் இருவரும் சமஷ்டி பற்றி வாதிடுவர். 1974 ஏப்ரிலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியதையும், அதற்கு அடிப்படையாக இருந்த இராசமன்னார் குழுவின் 1971ஆம் ஆண்டு அறிக்கையையும் தோழர் பெருமிதத்தோடு எடுத்துரைப்பார். 1976 சனவரி 31இல் அவ்வரசே 356ஆம் உறுப்புரையின் கீழ் கலைக்கப்பட்ட செய்தி வானொலியில் வந்த இரவு, விடுதியில் நெடுநேரம் விளக்குகள் அணையவில்லை. மாநிலம் என்ற பெயரும் சட்டமன்றமும் முதலமைச்சரும் இருந்தும், ஒரு கையொப்பத்தால் யாவும் கலையக்கூடும் என்பது அன்று மாணவர்க்குப் புலனாயிற்று. அவ்வதிகாரத்துக்கு நீதிமன்றம் வரம்பு கட்டுதற்கு 1994ஆம் ஆண்டுப் பொம்மை வழக்குத் தீர்ப்பு வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

"உங்கள் சமஷ்டியில் மாத்தளை எங்கே இருக்கின்றது?" என்று மலையக மாணவர் ஒரு நாள் தோழரிடம் வினவினார். தோழர் சற்றுத் தயங்கி, "முதலில் நாங்கள் பெற்றுக்கொண்டால், பிறகு உங்களுக்கும் வழி பிறக்கும்" என்றார். அம்மறுமொழியில் வஞ்சகம் இல்லை. ஆயின் வரலாற்றின் முரண் ஒன்று அதனுள் இருந்தது. தோட்டத் தொழிலாளரின் பிரசாவுரிமை பறிக்கப்பட்டதை எதிர்த்தே செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டுப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தார். மலையகத்தின் காயத்திலிருந்து பிறந்தது அக்கட்சி. ஆயினும் அது வரைந்த சமஷ்டியின் எல்லைகள் மலையகத்தைத் தொடவில்லை. 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம் வடக்குக்கும் கிழக்குக்கும் பிராந்திய சபைகளைக் கூறியது. மலையகத்தாரின் பிரசாவுரிமை குறித்து, ஆலோசிக்கப்படும் என்ற அளவில் நின்றது. தேசப்படத்திலே பரவலாக வாழ்வோருக்கு நிலப்பரப்பை அடிப்படையாகக் கொண்ட தீர்வு எவ்வாறு பொருந்தும் என்ற வினாவுக்கு அன்று விடை கிடைக்கவில்லை. 1976 மேயில் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின்பின் தோழர் சமஷ்டியையும் கடந்து தனிநாட்டுக்குச் சென்றுவிட்டார். மலையகத்தவர் ஆசிரிய நியமனத்துடன் மாத்தளைக்குத் திரும்பினார்.

மாத்தளை மாவட்டத்தில் தமிழர் நூற்றுக்குப் பத்துப் பேரளவினர்; முஸ்லிம்கள் அதனினும் சற்றுக் குறைந்தவர். இவ்வெண்களை மறந்து அதிகாரப் பகிர்வைப் பேசுவது மாத்தளைக்காரருக்கு இயலாது. 1983 யூலையில் நகரத்தின் தமிழ்க் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோவிலும் தப்பவில்லை. அன்று பொலிசு முழுமையாக மத்திய அரசின் கையில் இருந்தது, இருந்தும் காக்கவில்லை. பிற்காலத்தில் மாகாணங்களுக்குப் பொலிசு அதிகாரம் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது, வடக்கிலே அதனைக் கேட்டவர்க்கிருந்த உறுதி மாத்தளைத் தமிழருக்கு உண்டாகவில்லை. உள்ளூர்ப் பெரும்பான்மையின் கையில் தடியைக் கொடுப்பதா, தொலைவிலுள்ள பெரும்பான்மையின் கையிலேயே அது இருக்கட்டுமா என்பதே அவர்கள் முன்னிருந்த தெரிவு. இரண்டுங்கெட்டான் நிலையில் நின்றோரின் இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என இகழ்ந்தோர் உண்டு. இகழ்ந்தவர்கள் திருகோணமலை வீதியிலே கடை வைத்திருக்கவில்லை.

1988 யூனில் மத்திய மாகாண சபைக்கு முதற் தேர்தல் நடந்தது. மாகாண சபை முறையை எதிர்த்த மக்கள் விடுதலை முன்னணியின் கொலை மிரட்டலும், அதை அடக்கவந்த அரச பயங்கரமும் மாத்தளையை உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. வாக்களிக்கச் சென்றவர் உயிரைப் பணயம் வைத்தே சென்றனர். அதிபரும் சென்றார். அச்சபை செய்தவற்றை அவர் குறைத்து மதிப்பதில்லை. மத்திய மாகாணத்தில் தமிழ்க் கல்விக்கெனத் தனி அமைச்சர் இருந்தார். தோட்டத்துப் பாடசாலையின் குறை கேட்கக் கண்டிவரை சென்றால் போதுமாயிருந்தது. அதற்கு முன்னர் கொழும்புக்குச் சென்று, வாயிற்காவலரிடம் சிங்களத்தில் விளக்கம் கூறி, மாலை இரயிலில் வெறுங்கையுடன் திரும்பியோர்க்கே அவ்வேறுபாட்டின் பெறுமதி தெரியும். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலே தான். ஓரறையில் ஐந்து வகுப்புகள் நடந்த கட்டடங்களுக்கு மாடி எழுந்ததும், உயர்தரம் வரை பிள்ளைகள் படித்ததும் அதன் பின்னர் வந்த காலத்திலேயே. அவ்வளர்ச்சியில் மாகாணத்துக்கும் பங்குண்டு.

ஆயின் பாயின் நுனி மெல்ல மெல்ல இழுக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டுச் சட்டமொன்று பிரதேச செயலாளர்களுக்கு அதிகாரங்களை வழங்கிற்று. அவர்கள் மத்தியின் அலுவலர். மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகங்களிலும் ஒரே ஊருக்கு இரு நிருவாகங்கள் எதிரெதிரே மேசை போட்டமர்ந்தன. பெயர்பெற்ற பாடசாலைகள் தேசியப் பாடசாலைகளாக மத்தியின் கீழ்ச் சென்றன. இந்துக் கல்லூரியும் பாக்கியமும் பெயரிலே 'தேசிய' என்ற அடையைப் பெற்றபோது நகரம் மகிழ்ந்தது; வளமும் பெருகியிருக்கலாம். மலையுச்சிப் பாடசாலை மாகாணத்தோடு நின்றுவிட்டது. பெயரும் வளமும் உள்ளவற்றை மத்தி தன்னிடம் சேர்த்துக்கொள்ள, எஞ்சியவை மாகாணத்தின் பொறுப்பாயின. எஞ்சியவற்றை நடத்திக்கொண்டு, மாகாணம் திறமையற்றது என்ற பழியையும் அது சுமக்க நேர்ந்தது.

நிதியின் கதை இன்னும் சுருக்கமானது. மாகாண சபைகள் தாமாக அறவிட்டு வந்த வருமானங்களுள் முக்கியமானது மொத்த விற்பனைப் புரள்வு வரி. 2011இல் அது நீக்கப்பட்டது. ஈடாக, மத்தி அறவிட்ட தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியிலிருந்து மூன்றிலொரு பங்கு தரப்பட்டது. 2019 டிசம்பரில் அந்த வரியும் ஒழிந்தது. 1848இல் வரி விதித்ததற்காக மாத்தளை கிளர்ந்தெழுந்தது. வரி விதிக்கும் உரிமையை இழந்தபோது எவரும் ஓசை எழுப்பவில்லை.

காணி பற்றிய தீர்ப்பு இவை யாவற்றினும் ஆழமானது. 2013 செப்டெம்பர் 21ஆந் திகதி மத்திய மாகாணத்திலும் வடக்கிலும் வடமேற்கிலும் மாகாண சபைத் தேர்தல்கள் நடந்தன. ஐந்தாம் நாள், செப்டெம்பர் 26இல், அரச காணி மத்திக்கே உரியது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு வடக்கில் எழுந்ததன்று. மத்திய மாகாணத்திலேயே, நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் குடியிருந்த ஒருவரை அரச காணியிலிருந்து வெளியேறுமாறு விடுத்த அறிவித்தலிலிருந்து எழுந்தது. அவர் கண்டியிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்தை நாடினார். அந்நீதிமன்றத்துக்கு இதனை விசாரிக்க அதிகாரமுண்டா என்பதே வினா. மேன்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்றது; உயர் நீதிமன்றம் இல்லை என்றது. காணி மாகாண சபை நிரலிலே எழுதப்பட்டிருப்பினும், பின்னிணைப்பு வரையறுக்கும் அளவுக்கே அவ்வதிகாரம் செல்லும் எனவும், மத்தி ஒப்படைத்த காணியைப் பயன்படுத்துவதே மாகாணத்தின் பங்கு எனவும் அது கூறிற்று.

தீர்ப்பு வெளிவந்தபோது யாழ்ப்பாணமும் கொழும்பும் அதனை வடக்கின் காணிப் பிரச்சினையாகவே விவாதித்தன. மாத்தளையின் ஓய்வுபெற்ற அதிபரோ வேறு விதமாக வாசித்தார். தோட்டத்திலிருந்து வெளியேற்றப்படும் ஒருவர் நீதி கேட்டுச் செல்லக்கூடிய வாயில், கண்டியிலிருந்து கொழும்புக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்பதே அவர் கண்ட பொருள். சட்டத்தின் சொற்களை வைத்து நோக்கின் தீர்ப்புக்கு நியாயம் கூறலாம். ஒரு நாட் கூலியை இழந்து கண்டிக்குச் செல்லக்கூடியவர், மூன்று நாட் கூலியை இழந்து கொழும்புக்குச் செல்லக்கூடுமா என்பது சட்டத்தில் எழுதப்படாத கணக்கு.

எனினும் எல்லா அதிகாரத்தையும் மாகாணத்துக்கே கொடுத்துவிடுக என்று வாதிடுவோரோடும் அவர் உடன்படுவதில்லை. அதற்குக் காரணம் தண்ணீர். கண்டிக்கருகே பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி, மலையைக் குடைந்த சுரங்கவழியாக உக்குவளை மின்நிலையத்தை அடைந்து, சுதுகங்கையிலும் அம்பன்கங்கையிலும் கலந்து, போவத்தன்னையிலிருந்து கலாவெவவை நோக்கித் திருப்பப்படுகின்றது. 1976இல் நிறைவேறிய வேலை அது. 2017இல் நீர் தேக்கத் தொடங்கிய மொரகஹகந்தை நீர்த்தேக்கமும் அம்பன்கங்கையின் குறுக்கே, இம்மாவட்டத்திலேயே அமைந்துள்ளது. மாத்தளையின் மடியில் தேங்கும் நீர் பொலன்னறுவைக்கும் அநுராதபுரத்துக்கும் செல்கின்றது. பல மாகாணங்களின் ஊடாகச் செல்லும் ஆற்றை ஒரு மாகாணம் பூட்டி வைத்தல் தகாது. ஆகவே மாகாணங்களுக்கிடையிலான நீர்ப்பாசனம் மத்தியிடம் இருப்பது நேரிது. காவிரியின் கரையில் வாழ்வோர் இதனை நன்கறிவர். ஆனால் ஆற்றைப் பங்கிடும் அதிகாரத்துக்கும், தோட்டத்து மதகைத் திருத்தும் அதிகாரத்துக்கும் வேறுபாடில்லையா? இலக்கலையில் வீடும் வயலும் நீரில் மூழ்க இடம்பெயர்ந்தோர்க்கு எங்கே குடியிருப்பு என்பதை அப்பகுதி மக்களின் பிரதிநிதிகளோடு கலந்து தீர்மானிப்பதற்குத் தேசியக் கொள்கை ஒன்று குறுக்கே நிற்றல் வேண்டுமா? எது எவரளவில் முடியுமோ அது அவரிடம் இருத்தல் வேண்டும் என்ற எளிய அளவுகோலை எந்த நிரலிலும் காணமுடியவில்லை.

2018 ஒக்டோபரில் மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதற்கு ஓராண்டு முன்னர் தேர்தல் முறை மாற்றப்பட்டிருந்தது. புதிய முறைக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கையோ 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் ஓர் ஆதரவு வாக்கும் பெறாது வீழ்ந்தது. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்றாக, தேர்தலின்றி ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிந்தன. ஐம்பத்தெட்டு உறுப்பினர் அமர்ந்த சபை வெறிச்சோட, மாகாணம் ஆளுநரின் கீழ்ச் சென்றது. எவரும் அதனைக் கலைக்கவில்லை. எவரும் அதனை நீக்கச் சட்டம் இயற்றவுமில்லை. சந்தையிலும் பேருந்திலும் அதைப்பற்றி ஒருவரும் பேசாதிருந்தமையே அதிபரைப் பெரிதும் வருத்திற்று. சபை இருந்தபோது அது தம்முடையது என மக்கள் உணர்ந்திருந்தால், இல்லாதபோது இழப்பை உணர்ந்திருப்பர். அமைச்சர்களின் வாகனங்களையும் திறப்பு விழாக்களையுமே கண்டவர், அவை நின்றமைக்காக ஏன் அழுதல் வேண்டும்? இந்தப் பழியில் மத்திக்கு மட்டுமன்றி, சபையில் அமர்ந்தோர்க்கும் பங்குண்டு.

அதே 2018இல், வேறொரு கதவு திறந்தது. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டு, தோட்டங்களினுள்ளும் சபை நிதியைச் செலவிடலாம் என்றாயிற்று. பத்திரிகையில் அச்செய்தியைக் கண்ட அன்றே ஓய்வுபெற்ற அதிபர் நீலக் கோவையை எடுத்துத் தூசி தட்டி, இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதத்தைச் சிறிதே மாற்றிப் படியெடுத்தார். திகதியையும், பிள்ளைகளின் தொகையையும் திருத்தினார். மதகு பெயர்ந்தது பற்றிய வாக்கியத்தைத் திருத்தவேண்டியிருக்கவில்லை.

சில மாதங்களின் பின் சபை உறுப்பினர் ஒருவர் அளவுநாடாவுடன் வந்தார். தோட்டத்தில் பிறந்த இளைஞர் அவர். அதிபரிடம் ஐந்தாம் வகுப்பில் படித்தவர். நிதி போதிய அளவில் இல்லை என்று மனம் வருந்திச் சொல்லி, மதகிலிருந்து மேல்நோக்கி முந்நூறு யாருக்குக் கொங்கிறீற்று இடுவித்தார். எஞ்சிய தூரத்துக்கு அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றார். மேலே நின்று பார்த்தால் கொங்கிறீற்று முடியுமிடம் சாம்பல் நிறக் கோடாகத் தெரியும். அக்கோட்டை அடைந்ததும் பிள்ளைகள் நின்று, சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மேலே நடக்கின்றனர்.